நிலத்துக்கு விலை போடுகிறார்கள். விவசாயத்துக்கு யார் விலை போடுவது?

எங்கள் குடும்பத்துக்கு ஊர் எல்லையில் நாலரை ஏக்கர் நிலம் இருந்தது. வடமேற்கு மூலையில் கிணறு. அங்கிருந்து இறங்கும் வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் கடைசி வயல் வரை தானாகப் பாயும். நான் முனைவர் பட்ட ஆய்வில் இருந்த நேரத்தில், நான்கு வழிச்சாலை அந்த நிலத்தின் குறுக்கே வந்தது. எடுத்தது ஒரு ஏக்கர் பத்து சென்ட். அதற்குப் பணமும் கொடுத்தார்கள். மீதி மூன்று ஏக்கர் நாற்பது சென்ட் இன்றும் எங்கள் பட்டாவில் இருக்கிறது.

ஆனால், கிணறு சாலைக்கு மேற்கே நின்றுவிட்டது. நிலத்தின் பெரும்பகுதி கிழக்கே போய்விட்டது. சாலைக்கு அடியில் ஒரு குழாய் கொண்டுபோக அனுமதி கேட்டு அப்பா மூன்று ஆண்டுகள் அலைந்தார். கிடைக்கவில்லை. கடைசியில் கிழக்குப் பக்கம் போர் போட்டோம். முதல் போர் புகையாகப் போனது. இரண்டாவதில்தான் தண்ணீர் வந்தது. இழப்பீடாக வந்த பணத்தில் பெரும்பங்கு அந்த இரண்டு குழிகளுக்குள் போய்விட்டது.

நிலம் துண்டுபட்டதால் ஏற்படும் சேதத்துக்குத் தனியாக இழப்பீடு கேட்கலாம் என்று சட்டத்திலேயே இருந்தது. அது அப்பாவுக்குத் தெரியாது. வேளாண்மையில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டிருந்த எனக்கும் தெரியாது. அந்த வெட்கத்தில்தான் பிறகு இந்தச் சட்டங்களைப் படிக்க ஆரம்பித்தேன்.

சாலை வேண்டாம், ரயில் பாதை வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. தக்காளியும் வாழையும் விடிவதற்குள் சந்தைக்குப் போவது அந்தச் சாலைகளில்தான். என் வாதம் வேறு. அரசு எடுப்பது வெறும் இடத்தை அல்ல; ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொழிலை. ஆனால், விலை போடும்போது மனைக்கு விலை போடுவதைப் போலத்தான் போடுகிறார்கள். சட்டத்தில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. அந்த இடத்தை நிரப்ப அரசும் முன்வரவில்லை; நாமும் கேட்கவில்லை.

எந்தச் சட்டத்தில் எடுக்கிறார்கள்?

நோட்டீஸ் கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 1894-ம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2013-ல் புதிய நில எடுப்புச் சட்டம் வந்தது. 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சமூகத் தாக்க மதிப்பீடு, ஆட்சேபணை தெரிவிக்க 60 நாள், மறுவாழ்வு உதவி எல்லாம் அதில் உண்டு. பல போகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆனால் சாலை, ரயில் பாதை, கால்வாய், மின்பாதை போன்றவற்றுக்கு இந்தக் கடைசிக் கட்டுப்பாடு கிடையாது.

தேசிய நெடுஞ்சாலைக்கு 1956-ம் ஆண்டுச் சட்டத்தில் எடுப்பார்கள். அதில் ஆட்சேபணைக்கு 21 நாள்தான். தமிழக அரசின் நெடுஞ்சாலைக்கு 2001-ம் ஆண்டுச் சட்டம். தொழிற்பேட்டைக்கு 1997-ம் ஆண்டுச் சட்டம். இந்த மாநிலச் சட்டங்கள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் சொன்னது. அதே ஆண்டு சட்டமன்றம் அவற்றுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆக, நடைமுறை வேறு வேறாக இருந்தாலும் இழப்பீட்டுக் கணக்கு 2013 சட்டத்தின் அடிப்படையில்தான்.

எங்கள் நிலம் போன காலத்தில் தேசிய நெடுஞ்சாலைக்கு எடுத்தால் ஆறுதல் தொகையே கிடையாது. அப்படி மறுப்பது சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்த பிறகே அந்தக் கதவு திறந்தது.

பத்திரத்தில் மறைத்த ஒரு லட்சம்

2013 சட்டப்படி சந்தை மதிப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பு ஒன்று. சுற்றுவட்டாரத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான விற்பனைப் பத்திரங்களில், விலை கூடிய பாதிப் பத்திரங்களின் சராசரி இன்னொன்று. இவற்றில் எது அதிகமோ அது. கிராமப்புற நிலமாக இருந்தால் அதை 1 முதல் 2 வரை அரசு நிர்ணயித்த எண்ணால் பெருக்குவார்கள். அதனுடன் கிணறு, மரம், கட்டடத்தின் மதிப்பைச் சேர்ப்பார்கள். வரும் மொத்தத்துக்குச் சமமாக இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏக்கர் 10 லட்சத்துக்கு உண்மையில் விற்கிறது. பெருக்கும் எண் 1.25 என்று வைத்துக்கொள்வோம். 12.5 லட்சம் ஆகிறது. ஆறுதல் தொகையோடு 25 லட்சம். ஆனால், நம் ஊரில் பத்திரத்தில் 6 லட்சம் என்றுதானே எழுதுகிறோம்? அப்போது கிடைப்பது 15 லட்சம். முத்திரைத்தாள் செலவை மிச்சப்படுத்த பத்திரத்தில் மறைத்த ஒவ்வொரு லட்சமும், நில எடுப்பு வரும்போது இரண்டரை லட்சமாகக் கழிகிறது. அதுவும் மறைத்தவருக்கு மட்டும் அல்ல; பக்கத்து நிலத்துக்காரருக்கும்தான். இதில் அதிகாரிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஊர் முழுக்கச் சேர்ந்து குறைத்து எழுதிய விலைதான் ஊருக்கே திரும்பி வருகிறது.

அதே நேரம், அரசுக்கும் இதில் பங்கு உண்டு. நிலம் எப்படிப்பட்டது என்பதே இந்தக் கணக்கில் வருவதில்லை. பத்தாண்டுகள் தொழு உரமும் தக்கைப்பூண்டும் போட்டு மண்ணைத் தேற்றியவரும், தரிசாகப் போட்டு வைத்தவரும் ஒரே சர்வே எண் வரிசையில் ஒரே விலை வாங்குகிறார்கள்.

தென்னையின் மதிப்பு கட்டையில் இல்லை

நிலத்தின் மேல் உள்ளவற்றை மதிப்பிட வேளாண்மை, தோட்டக்கலை, வனம், பட்டு வளர்ப்பு ஆகியவற்றில் அனுபவம் உள்ளவர்களைக் கலெக்டர் பயன்படுத்தலாம் என்று 2013 சட்டத்தின் 29-வது பிரிவு சொல்கிறது. ‘பயன்படுத்தலாம்’ என்பதுதான் சிக்கல். பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று இல்லை. பல இடங்களில் மரத்தை எண்ணி, ஒரு மரத்துக்கு இவ்வளவு என்று பெருக்கி முடித்துவிடுகிறார்கள்.

நெட்டை ரகத் தென்னை காய்க்கவே 6 அல்லது 7 ஆண்டுகள் ஆகும். அதன் பிறகு 60 வயது வரை காய்க்கும். 5 வயதுக் கன்றில் இன்று காய் இல்லை. ஆனால், செய்ய வேண்டிய செலவு எல்லாம் செய்தாகிவிட்டது. வரவு முழுவதும் இனிமேல்தான். 55 வயது மரத்தில் இன்று காய் இருக்கிறது, எதிர்காலம் இல்லை. இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் மதிப்பிட்டால் இளம்தோப்பு வைத்தவர் மொத்தமாக ஏமாறுவார். மரத்தின் வயது, ஆண்டு விளைச்சல், இன்னும் எத்தனை ஆண்டு காய்க்கும் என்ற மூன்றையும் வைத்துத்தான் விலை போட வேண்டும். மாவுக்கும் எலுமிச்சைக்கும் கொய்யாவுக்கும் இதே கணக்குதான்.

ஆறுதல் தொகை மரத்துக்கும் கிணற்றுக்கும் சேர்த்துத்தான் என்பதை மறக்காதீர்கள். 2 லட்சம் மதிப்புள்ள போர் கணக்கெடுப்பில் விடுபட்டால் நஷ்டம் 2 லட்சம் அல்ல, 4 லட்சம்.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளைச்சல் தருவது மேலே இருக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர் மண்தான். அது உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்துப் பயன்படுத்த வேண்டும் என்று சாலைப் பணிக்கான விதிமுறைகளிலேயே இருக்கிறது. நடைமுறையில் அது சரளையோடு சேர்ந்து கரைக்குள் புதைகிறது. அந்த மண்ணைப் பக்கத்தில் இருக்கும் சுக்கான் நிலத்துக்கும் மேட்டாங்காட்டுக்கும் அடித்துக் கொடுத்தால், போன நிலத்தின் உயிராவது ஊரிலேயே தங்கும்.

அறுவடை வரை பொறுக்க முடியாதா?

2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நெய்வேலி சுரங்கத்துக்கான கால்வாய்ப் பணிக்காக, பச்சை நெற்பயிருக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. அந்த நிலங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டவை என்பது நிறுவனத்தின் பக்கம். எடுத்த பிறகும் பல ஆண்டுகள் சாகுபடி நடந்துகொண்டுதான் இருந்தது என்பது விவசாயிகளின் பக்கம். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பயிர்ச் சேதத்துக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

சட்டப்படி நிலம் யாருடையது என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. வேளாண் விஞ்ஞானியாக ஒன்றைச் சொல்வேன். பயிருக்கு நாள் கணக்கு உண்டு. குறுவை நெல் 105 முதல் 110 நாள். நீண்ட கால சம்பா 155, 160 நாள். நட்ட தேதி தெரிந்தால் அறுக்கும் தேதி தெரியும். பல ஆண்டுகள் காத்திருந்த ஒரு திட்டத்தால், கதிர் முற்றும் வரை காத்திருக்க முடியாதா? நிலத்தைச் சுவாதீனம் எடுக்கும் தேதியை அந்த ஊரின் சாகுபடி நாள்காட்டியைப் பார்த்துக் குறிக்க வேண்டும். இதை ஓர் அரசாணையில் எழுதிவிடலாம். ஒரு ரூபாய் கூடுதல் செலவு கிடையாது.

பட்டாவில் பெயர் இல்லாதவர்கள்

எங்கள் நிலத்தில் அப்பாவுடன் சேர்ந்து வாரத்துக்கு உழுதவர் ஒருவர் இருந்தார். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். எங்களுக்காவது பணம் வந்தது. அவருக்கு உழவு போனது, ஒன்றும் வரவில்லை. அடுத்த ஆண்டே குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார்.

2013 சட்டம் இப்படிப்பட்டவர்களைக் கைவிடவில்லை. சொந்த நிலம் இல்லாவிட்டாலும், நில எடுப்புக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அங்கே உழைத்துப் பிழைத்த குத்தகைதாரர், வாரதாரர், விவசாயக் கூலிகள், கைவினைஞர்கள் எல்லாம் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்ற வரையறைக்குள் வருகிறார்கள். வேலை அல்லது 5 லட்சம் ரூபாய் அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய் என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அட்டவணையில் இருக்கிறது.

ஆனால், மூன்று ஆண்டுகள் உழைத்ததை எதை வைத்து நிரூபிப்பது? நம் ஊர்க் குத்தகை எல்லாம் வாய்ப்பேச்சுதான். எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று நிலத்துக்காரருக்குப் பயம். கேட்டால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார் என்று குத்தகைக்காரருக்குப் பயம். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தும் பெரும்பாலான கிராமங்களில் பதிவேடு காலியாகத்தான் கிடக்கிறது. அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயர், பயிர்க் காப்பீடு கட்டிய ரசீது, ஆதார் வைத்து உரம் வாங்கிய ரசீது, கூட்டுறவுக் கடன் புத்தகம் இவைதான் அவருக்குத் துணை. இவற்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்வது நம் கடமை.

கூட்ரோட்டுக் கடைகள்

எங்கள் ஊர்க் கூட்ரோட்டில் ஓர் உரக்கடை, ஒரு டிராக்டர் பட்டறை, இரண்டு டீக்கடைகள், ஒரு பஞ்சர் கடை இருந்தன. சாலை அகலமானபோது கட்டட உரிமையாளர்களுக்குக் கட்டடத்தின் மதிப்பு வந்தது. வாடகைக்கு இருந்தவர்களுக்குக் கடையைக் காலி செய்ய நோட்டீஸ் வந்தது.

உரக்கடைக்காரர் நோட்டுப் புத்தகத்தில் ஐம்பது அறுபது விவசாயிகளின் பாக்கி இருந்தது. அறுவடைக்கு அறுவடை வசூலாகும் பணம் அது. நிலம் போன சிலர் ஊரை விட்டே போனார்கள். அந்தப் பாக்கி எந்தத் தீர்வத்திலும் ஏறவில்லை. தொழில் நடத்தும் இடத்தை மாற்றும் செலவும், வருமானத்துக்கு வரும் பாதிப்பும் இழப்பீட்டில் சேர வேண்டும் என்று 2013 சட்டமும் சொல்கிறது, தேசிய நெடுஞ்சாலைச் சட்டமும் சொல்கிறது. இடம்பெயரும் சிறு வியாபாரிக்கு ஒருமுறை உதவியாகக் குறைந்தது 25,000 ரூபாய் என்று 2013 சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. அது குறைந்தபட்சம்தான், மாநில அரசு கூட்டிக் கொடுக்கத் தடை இல்லை. இன்றைக்கு அந்தப் பணத்தில் ஒரு கடைக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

நிலம் கொடுக்காமலேயே அடிவாங்குபவர்களும் உண்டு. புறவழிச்சாலை வந்தால் ஊருக்குள் பேருந்து குறையும், கடைத்தெரு வாடும். 300 ஏக்கர் நெல் வயல் தொழிற்பேட்டைக்குப் போனால், அந்த நெல்லை நம்பியிருந்த அரிசி ஆலைக்கும் அறுவடை இயந்திரக்காரருக்கும் வைக்கோல் வியாபாரிக்கும் வேலை போகும். இவர்களுக்குச் சட்டத்தில் அநேகமாக ஒன்றும் இல்லை. ஊர்ப் பொருளாதாரம் என்பது வரப்போடு முடிவதில்லை என்பதைச் சட்டம் இன்னும் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை.

‘இத்தனையும் கொடுத்தால் திட்டமே நடக்காதே?’

இது நியாயமான கேள்வி. பதிலுக்குச் சென்னை - சேலம் எட்டு வழிச்சாலையைப் பாருங்கள். 277 கிலோமீட்டர் நீளத்துக்கு 2018-ல் திட்டமிட்டார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழி திறந்துவிட்டது. வழக்கில் அரசு ஜெயித்தும் சாலை வரவில்லை. கேட்காமல் எடுத்தால் சீக்கிரம் முடியும் என்பது காகிதக் கணக்கு. நியாயமான விலையைவிடத் தாமதம்தான் அதிகம் செலவு வைக்கும்.

அரசிடம் நான் கேட்பது நான்கு. முதலாவது, 29-வது பிரிவில் உள்ள ‘பயன்படுத்தலாம்’ என்பதை நடைமுறையில் ‘பயன்படுத்த வேண்டும்’ என்று ஆக்குங்கள்; அளவீட்டுக் குழுவில் வேளாண், தோட்டக்கலை அலுவலர்கள் இல்லாமல் கணக்கெடுப்பு கூடாது. இரண்டாவது, துண்டுபட்ட நிலங்களுக்குக் குழாய் கடக்கும் வசதியையும் சிறுபாலத்தையும் சாலை வரைபடத்திலேயே சேருங்கள். மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்று விவசாயியோடு நடந்து பார்த்துப் பாலம் வையுங்கள். கரைக்கு மேல்புறம் நீர் தேங்கினால் நெல் தாங்கும். மஞ்சளில் கிழங்கு அழுகும், நிலக்கடலை மஞ்சளித்துப் போகும். மூன்றாவது, சுவாதீனம் அறுவடைக்குப் பிறகுதான் என்று ஆணையிடுங்கள். நான்காவது, குத்தகைதாரர்களையும் வாடகைக் கடைக்காரர்களையும் முதல் கணக்கெடுப்பிலேயே பெயரோடு எழுதுங்கள்.

விவசாயிகள் இன்றே செய்ய வேண்டியவை

நோட்டீஸ் வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தால் இப்போதே மாற்றுங்கள். கிணறு, போர், மரங்கள், சொட்டுநீர் அமைப்பு ஆகியவை அடங்கலில் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். மண் பரிசோதனை அட்டை, கொள்முதல் நிலைய ரசீது, சந்தைச் சீட்டு ஆகியவற்றைக் கோப்பு போட்டு வையுங்கள். உங்கள் வருமானத்துக்கு அவைதான் சாட்சி.

அளவீட்டுக்கு ஆட்கள் வரும் நாளில் கண்டிப்பாக நிலத்தில் இருங்கள். மரத்துக்கு மரம் வயதோடு எழுதச் சொல்லுங்கள். செல்போனில் படம் எடுங்கள். நிலம் துண்டுபடுகிறது என்றால், தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று கையால் ஒரு படம் வரைந்து, மாற்றுப் பாசனத்துக்கு ஆகும் செலவையும் எழுதி மனுவோடு கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். 2013 சட்டத்தில் எடுத்த நிலத்துக்குத் தொகை போதாது என்று நினைத்தால், ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதித்தான் வாங்க வேண்டும். அப்படி எழுதாமல் வாங்கினால் கூடுதல் கேட்கும் உரிமை போய்விடும். தீர்வம் சொல்லும்போது நீங்கள் அங்கே இருந்தால், மேல்மனு கொடுக்க 6 வாரம்தான் அவகாசம். தேசிய நெடுஞ்சாலை என்றால் நடுவரிடம் போக வேண்டும்.

வேளாண் துறையிலும் தோட்டக்கலைத் துறையிலும் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நில எடுப்பு வருவாய்த் துறையின் வேலை, நமக்கென்ன என்று ஒதுங்க வேண்டாம். விதை நேர்த்தி சொல்லிக்கொடுக்கப் போகிற அதே கூட்டத்தில் பத்து நிமிடம் இதையும் சொல்லுங்கள். மரத்தின் வயதையும் பயிரின் வளர்ச்சிப் பருவத்தையும் எழுத்தில் சொல்லக்கூடியவர்கள் அந்தக் கிராமத்தில் நீங்கள் மட்டும்தான்.

எங்கள் பழைய கிணறு இன்னும் சாலைக்கு மேற்கே இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கும். பாய்ச்சத்தான் அந்தப் பக்கம் நிலம் இல்லை. அன்றைக்கு வரைபடம் போட்டவர்களுடன் ஒரு வேளாண் அலுவலர் அந்த வரப்பில் நடந்திருந்தால், ஆறு அங்குலக் குழாய் ஒன்றை அடியில் பதித்துவிட்டுப் போயிருப்பார்கள்.